தோல் கறுக்கிறது: குளோஃபாசிமினைத் தொடர்வதா, மாற்றுவதா?

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே பலருக்கும் தோலின் நிறம் மாறத் தொடங்கிவிடும். முகமும் கைகளும் முதலில் செம்பழுப்பாகும், அப்புறம் கறுக்கும். அதுவரை வெளிறிக் கிடந்த தேமல்கள் சுற்றியுள்ள தோலைவிடக் கருப்பாகி எடுப்பாகத் தெரியும். பார்க்கிறவர்கள் எல்லாம் “என்ன ஆச்சு, ஏன் இப்படிக் கறுத்துப்போயிட்டே?” என்று கேட்பார்கள். நோயைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. கூட்டு மருந்தை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருவது இந்த இடத்தில்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு மருந்தைத் தொடர்வதுதான் நல்லது. ஆனால் நிறத்தைத் தாங்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், மருந்தை மாற்றிக் கொடுக்க அதுவே போதுமான காரணம். அதை வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கக் கூடாது. எல்லாவற்றிலும் மோசமானது, யாரிடமும் சொல்லாமல், நிறம் மாறக் காரணமான குளோஃபாசிமின் என்ற பழுப்பு மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடுவது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

எந்த நிறம், எந்த மருந்து?

ஒப்பிடுவதற்கு முன்னால், மாற்றம் எதனால் வந்தது என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கூட்டு மருந்தில் மூன்று மருந்துகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் உடம்பில் ஒரு நிறத்தைக் காட்டக்கூடியது. மாதம் ஒருமுறை சாப்பிடும் ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு கலந்த சிவப்பாக்கும். ஓரிரு நாளில் அது சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. தோல் செம்பழுப்பாகி மெல்ல மெல்லக் கறுப்பதற்குக் காரணம் குளோஃபாசிமின். வியர்வை, கண்ணீர், சிறுநீரிலும் அதன் சாயம் இறங்கும். வெள்ளைத் தலையணை உறையில் இளஞ்சிவப்புக் கறை தெரிந்தால் அது ரத்தம் இல்லை, இந்தச் சாயம்தான்.

மூன்றாவது மருந்தான டாப்சோன் விஷயத்தில்தான் கவனம் தேவை. உதடும் நகமும் நீலம் பாய்ந்து மூச்சு வாங்கினாலோ, முகம் வெளிறி அசதி கூடினாலோ, அது ரத்தச் சிவப்பணுக்களை டாப்சோன் பாதிப்பதன் அடையாளமாக இருக்கலாம். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களுக்குள் காய்ச்சலுடன் உடம்பெங்கும் தடிப்பு வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாவதும் அப்படித்தான். குளோஃபாசிமின் கண்ணின் வெள்ளையில் காட்டுவது செம்பழுப்புச் சாயல். மஞ்சள் தெரிந்தால் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சந்தேகமாக இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேமல் கறுப்பதைப் பார்த்து, நோய் முற்றுகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நடப்பது வேறு. குளோஃபாசிமின் கொழுப்பில் கரையும் மருந்து. கிருமிகளை விழுங்கி வைத்திருக்கும் செல்களுக்குள் போய் அது சேர்கிறது. நோய் எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே மருந்தும் அதிகமாகச் சேர்வதால் அந்த இடம் கூடுதலாகக் கறுக்கிறது. நோய் நிஜமாகவே சீறுகிறது என்றால் அடையாளங்கள் வேறு: தேமல் சிவந்து வீங்கும், முழங்கை, முழங்கால் பக்கத்து நரம்பு தொட்டால் வலிக்கும், புதிதாக மரத்துப்போகும், கண் இமை முழுதாக மூடாது, பாதம் தொங்கும். இவை எதிர்வினையின், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பின் எதிர்ப்பாற்றல் கிளப்பும் அழற்சியின், அறிகுறிகள். உடனே ஸ்டீராய்டு சிகிச்சை தொடங்கினால் நரம்பைக் காப்பாற்ற முடியும். ஆறு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டால் இழந்த உணர்வும் பலமும் திரும்புவது கடினம்.

முதல் வழி: தொடர்வது

குளோஃபாசிமின் பிறந்ததே சாயக் குடும்பத்தில். 1950களில் அயர்லாந்தின் டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழு காசநோய்க்கு மருந்து தேடியபோது உருவானது. 1960களின் தொடக்கத்தில் நைஜீரியாவில் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை தெரிந்தது. மருந்தே சிவப்புச் சாயம் என்பதால், நிறம் மாறுவது ஒவ்வாமையும் இல்லை, அளவு தவறியதன் விளைவும் இல்லை. எடுத்துக்கொள்ளும் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓர் அளவில் வரும். வெயில் படும் இடங்களில் கூடும்.

தொடர்ந்தால் கிடைப்பது என்ன? மூன்று மருந்துகளும் சேர்ந்த, 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்குழு பரிந்துரைத்து, உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் பரிசோதிக்கப்பட்ட சிகிச்சை. நோய் திரும்ப வருவது மிகவும் குறைவு. அதோடு குளோஃபாசிமினுக்கு இன்னொரு குணம் உண்டு, அது அழற்சியைத் தணிக்கும். கிருமி அதிகம் உள்ளவர்களில் சிலருக்கு, தோலில் வலியுள்ள சிவந்த முடிச்சுகள் கிளம்பி, காய்ச்சல், மூட்டுவலி, கண் அழற்சி என்று வாட்டும் ஓர் எதிர்வினை வரும். இரண்டாம் வகை எதிர்வினை என்பார்கள். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், வந்து வந்து போகும். அதற்கு ஸ்டீராய்டு சாப்பிட ஆரம்பித்து, அதிலிருந்து மீள முடியாமல் சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு வரை போனவர்கள் இருக்கிறார்கள். குளோஃபாசிமின் இந்த எதிர்வினையைக் குறைக்கிறது. மாற்று மருந்துகள் எதற்கும் இந்தக் குணம் இந்த அளவுக்கு இல்லை. தொடர்வதா மாற்றுவதா என்ற கணக்கில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

சரி, விலை என்ன? நிறம் மட்டும் இல்லை. தோல் வறளும், குறிப்பாகக் கீழ்க்கால்களிலும் முன்கைகளிலும் மீன் செதில் மாதிரி வெடிக்கும். சிலருக்கு வயிறு பிடிக்கும். நிறம் போக நாளாகும். மருந்தில் பாதி உடம்பை விட்டு வெளியேறவே ஏறத்தாழ 70 நாள் ஆகிறது என்றால், நிறுத்திய மறுமாதமே தோல் பழையபடி ஆகாது என்பது புரியும். பொதுவாக ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் பெருமளவு மங்கிவிடும். தேமல் இருந்த இடங்களில் இன்னும் தாமதமாகலாம். ஆனால் மங்கும் என்பது உறுதி. நரம்பு போனால் இப்படிச் சொல்ல முடியாது.

அளவையும் கணக்கில் கொள்ளுங்கள். அதிகக் கிருமி வகைக்கான (தேமல் ஐந்துக்கு மேல், அல்லது பரிசோதனையில் கிருமி தெரிவது) பெரியவர்களின் சிகிச்சையில் முதல் நாள் 300 மில்லிகிராம், மீதி 27 நாளும் தினம் 50. அதாவது 28 நாள் மருந்து அடங்கிய ஓர் அட்டைக்கு 1,650 மில்லிகிராம். இரண்டாம் வகை எதிர்வினைக்காகத் தினம் 300 கொடுக்கும்போது அதே 28 நாளில் 8,400 ஆகிவிடும், ஐந்து மடங்கு. இணையத்தில் காணும் மிகக் கருத்த முகங்களின் படங்களைப் பார்த்துவிட்டு நமக்கும் இப்படித்தான் ஆகும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதிக அளவு கொடுக்கப்பட்ட ஒருவரின் படமாகக்கூட அது இருக்கலாம். வழக்கமான அளவில் மாற்றம் பலருக்கும் அதைவிட மிதமாகவே இருக்கும்.

இரண்டாவது வழி: பழுப்பு மாத்திரையை ஒதுக்குவது

யாரும் இதை ஒரு தேர்வாகச் சொல்லித் தருவதில்லை. ஆனால் நடக்கிறது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் நாளுக்குரிய இடத்தில் ரிஃபாம்பிசின் இரண்டு, பழுப்பு நிறக் குளோஃபாசிமின் மூன்று, வெள்ளை டாப்சோன் ஒன்று. அதற்கப்புறம் 27 நாளுக்கும் நாளொன்றுக்கு ஒரு சின்னப் பழுப்பு உருண்டை, ஒரு வெள்ளை மாத்திரை. பழுப்பை எடுத்துவிட்டால் அந்த 27 நாளும் கிருமி எதிர்கொள்வது டாப்சோனை மட்டும்தான்.

டாப்சோனை மட்டும் நம்பியதன் விளைவை உலகம் ஏற்கனவே அனுபவித்திருக்கிறது. அதற்கு மசியாத கிருமி இருப்பது 1964இல் மலேசியாவில் உறுதிசெய்யப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது பல நாடுகளில் தலைகாட்டியதால்தான் கூட்டு மருந்தே வந்தது. ரிஃபாம்பிசின் முதல் வேளையிலேயே பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடும். அதற்குத் தப்பும் சிலவற்றைத் தீர்த்துக்கட்டுவது மற்ற இரண்டு மருந்துகளின் வேலை. அதில் ஒன்றை எடுத்துவிட்டால், ரிஃபாம்பிசினுக்கும் அடங்காத கிருமிக்கு வாசலைத் திறந்துவிட்ட மாதிரி ஆகும். அப்படியொரு கிருமி வந்துவிட்டால் அதற்கான சிகிச்சை இரண்டு வருடம் நீளும், அந்த இரண்டு வருடமும் தினமும் சாப்பிட வேண்டிய மருந்துகளில் ஒன்று இதே குளோஃபாசிமின். எதற்குப் பயந்து ஒதுக்கினோமோ அதுவே இரட்டிப்பாகத் திரும்பி வரும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தோல் கறுக்காததைப் பார்த்து டாக்டர் சந்தேகப்படலாம், ஆனால் நீங்கள் சொல்லாதவரை அவரால் மாற்று மருந்து தர முடியாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது, பாதி மாதம் சாப்பிடுவது எல்லாம் இதே கணக்குதான். ஏற்கனவே ஒதுக்கியிருந்தால் மிச்ச உருண்டைகளோடு அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். திட்டு வாங்க வேண்டியிருக்குமோ என்று தயங்க வேண்டாம். எத்தனை வேளை விட்டுப்போயிற்று என்ற தகவல் அவருக்கு அவசியம். அதிகக் கிருமி வகையில் 12 மாத அட்டைகளை 18 மாதத்துக்குள் முடித்தால் சிகிச்சை முழுமையானதாகவே கருதப்படும், குறைந்த கிருமி வகையில் 6 அட்டைகளை 9 மாதத்துக்குள். சரிசெய்ய இடம் இருக்கிறது.

மூன்றாவது வழி: தினசரி மாற்று மருந்து

இது முறையான வழி. நிறமாற்றம் காரணமாகக் குளோஃபாசிமினை ஏற்காதவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று 1998இல் வெளியான உலக சுகாதார நிறுவன நிபுணர் குழுவின் ஏழாவது அறிக்கையே சொல்கிறது: குளோஃபாசிமினுக்குப் பதில் தினமும் ஆஃப்ளாக்சாசின் 400 மில்லிகிராம், அல்லது மினோசைக்ளின் 100 மில்லிகிராம். அதாவது “எனக்கு இந்த நிறம் வேண்டாம்” என்று ஒருவர் சொல்வது பல காலமாகவே மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட காரணம். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இரண்டில் எது? நிறத்துக்காகவே மாற்றுகிறீர்கள் என்றால் மினோசைக்ளின் என்றதும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நாள்பட எடுத்துக்கொண்டால் அதுவும் தோலில் நிறம் பதிக்கும். நீலம் கலந்த சாம்பல், சிலருக்குக் கருநீலம். பழைய தழும்பிலும் அழற்சி இருந்த இடத்திலும் கீழ்க்காலிலும் படியும். தொழுநோய்த் தேமல்களிலேயே படிந்ததும் உண்டு. எல்லோருக்கும் வருவதில்லை, குளோஃபாசிமின் அளவுக்குப் பரவலும் இல்லை. ஆனால் செம்பழுப்பைத் தவிர்க்கப்போய் நீலச் சாம்பலில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும். தலைசுற்றலும் வரலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது, பல்லில் கறை விழும்.

ஆஃப்ளாக்சாசினுக்கு இந்த நிறத் தொல்லை இல்லை. ஆனால் தூக்கம் கெடலாம், குதிகால் தசைநாண் வலிக்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரை அளவு ஏறி இறங்கலாம். மரத்துப்போன பாதத்தோடு நடப்பவருக்குத் தசைநாண் பிரச்சினை வந்தால் கவனிக்காமல் போகும் ஆபத்தும் உண்டு, அதை டாக்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். தொடங்கும் முன் காசநோய் இல்லை என்று உறுதிசெய்வதும் முக்கியம். இந்த மருந்து அதன் கிருமியையும் அரைகுறையாகத் தாக்கி, பின்னால் சிகிச்சையைக் கெடுத்துவிடும். மினோசைக்ளினோ ஆஃப்ளாக்சாசினோ, இரண்டையும் அமில முறிவு மருந்தோடும் இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. சில மணி நேர இடைவெளி வேண்டும்.

என்னைக் கேட்டால், நிறம்தான் ஒரே காரணம், வேறு தடை எதுவும் இல்லை என்றால் ஆஃப்ளாக்சாசின் ஒரு படி மேல்.

நான்காவது வழி: மாதம் ஒருமுறை

ரிஃபாம்பிசின், ஆஃப்ளாக்சாசின், மினோசைக்ளின் மூன்றையும் மாதம் ஒரே ஒரு வேளை, 24 மாதம். அதே அறிக்கையில் சொல்லப்பட்ட இன்னொரு வழி இது. அமெரிக்காவில் ஆஃப்ளாக்சாசினுக்குப் பதில் மாக்சிஃப்ளாக்சாசின் வைத்து இதே மாதிரியான மாதாந்திர முறையைக் கையாள்கிறார்கள். வீட்டில் தினமும் மாத்திரை அட்டையை ஒளித்து வைக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இது பெரிய விடுதலை. நிறக் கவலையும் அநேகமாக இல்லை. மினோசைக்ளின் தினசரி என்றால் 12 அட்டைக் காலத்தில் 33,600 மில்லிகிராம் உள்ளே போகும், மாதாந்திர முறையில் 24 வேளைக்கு வெறும் 2,400.

குறை என்ன? சிகிச்சைக் காலம் இரட்டிப்பாகிறது. ஒரு வேளை தவறினாலும் ஒரு மாதம் தவறியதாகும். மருந்துகள் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வழக்கமான கூட்டு மருந்து அட்டை 1995 முதல் உலக சுகாதார நிறுவனம் வழியாக உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மாற்று மருந்துகளுக்கு அந்த உறுதி இல்லை, இரண்டு வருடமும் தடையில்லாமல் கிடைக்குமா என்று தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், எதிர்வினையைத் தணிக்கும் குளோஃபாசிமினின் பலன் இதிலும் இல்லை.

குறைந்த கிருமி வகை என்றால்

தேமல்கள் ஐந்துக்குள், பரிசோதனையில் கிருமி தெரியவில்லை என்ற நிலையில் இருப்பவர்களின் கதை வேறு. இவர்களுக்குப் பல ஆண்டுகளாக ரிஃபாம்பிசினும் டாப்சோனும் மட்டும் ஆறு மாதம் கொடுக்கப்பட்டு வந்தது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் மூன்று மருந்து என்று மாற்றியதால்தான் நிறப் பிரச்சினையே இவர்களுக்கு வந்தது. ஒரே அட்டையை எல்லோருக்கும் கொடுப்பது எளிது, வகை பிரிப்பதில் தவறு நேர்ந்தாலும் பாதிப்பு குறைவு என்பது அந்த மாற்றத்துக்கான காரணங்களில் சேரும். ஆக, தேமல் கன்னத்தில் இருக்கிறது, நிறம் பெரும் தொல்லையாக இருக்கிறது என்றால், எனக்குப் பழைய இரண்டு மருந்து முறை பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. வகை சரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதா என்பதை அவர் மறுபடி பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் டாப்சோன் ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியவருக்கு இந்த வழி கிடையாது. அங்கே டாப்சோனின் இடத்தை நிரப்புவதே குளோஃபாசிமின்தான்.

எத்தனையாவது மாதம்?

முடிவெடுப்பதில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தக் கேள்வி. முதல் ஓரிரு மாதத்தில் இருக்கிறீர்கள், நிறம் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது என்றால், மாற்றுவதால் பலன் உண்டு. மருந்து உடம்பில் பெரிதாகச் சேர்ந்திருக்காது. ஒன்பதாவது, பத்தாவது மாதத்தில் இருக்கிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழ். இப்போது நிறுத்தினாலும் நிறம் மங்க மாதங்கள் ஆகும், முடித்துவிட்டு நிறுத்தினாலும் அதற்கப்புறம் மங்கும். இடையில் மிச்சமாவது மூன்று மாதம்தான். அதற்காகப் புதிய மருந்து, புதிய பக்கவிளைவு என்று இறங்குவது பெரும்பாலும் தேவையில்லை.

பாக்டீரியா எண் (பரிசோதனையில் கிருமி எவ்வளவு என்று காட்டும் எண்) அதிகமாக உள்ளவர், ஏற்கனவே இரண்டாம் வகை எதிர்வினை வந்தவர், நோய் திரும்பி வந்து இரண்டாவது முறை சிகிச்சை எடுப்பவர், இவர்கள் எந்த மாதத்தில் இருந்தாலும் குளோஃபாசிமினை விட்டுக்கொடுக்க நன்றாக யோசிக்க வேண்டும். இன்னொரு பக்கம், வேலை போய்விடும், கல்யாணம் நின்றுவிடும், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற நிலையில் இருப்பவர், அல்லது நிறத்தால் மனம் உடைந்து வெளியே வரவே மறுப்பவர், இவர்களிடம் “பொறுத்துக்கொள், மங்கிவிடும்” என்று மட்டும் சொல்லி அனுப்புவது சிகிச்சை இல்லை. குளோஃபாசிமின் தந்த நிறத்தால் மனச்சோர்வு வந்து தற்கொலை வரை போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. வாழவே வேண்டாம் என்று தோன்றினால் அதையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதுவும் மருந்தின் பக்கவிளைவாகக் கணக்கில் எடுக்க வேண்டியதே.

கர்ப்பிணிகள் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தை கொஞ்சம் நிறம் கூடிப் பிறக்கலாம், தாய்ப்பாலிலும் சாயம் தெரியலாம். இரண்டும் நாளடைவில் சரியாகும்.

தொடர்வது என்று முடிவெடுத்தால்

வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை, தொப்பி அல்லது குடை, முகத்துக்குச் சன்ஸ்கிரீன். நிறம் வராமலே தடுக்காது, ஆனால் முகம் கூடுதலாகக் கறுப்பதைக் குறைக்கும். வறட்சிக்குத் தினமும் கை கால்களை இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் சொட்டாமல் ஒற்றி எடுத்து, அந்த ஈரப்பதத்தின் மேலேயே எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். வெந்நீர் வேண்டாம், உணர்ச்சியில்லாத தோலுக்குச் சூடு தெரியாது. மருந்தைச் சாப்பாட்டோடு எடுத்தால் வயிற்றுத் தொல்லை குறையும். விடாத வயிற்றுவலி இருந்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிறத்தைப் போக்குவதாகச் சொல்லும் கிரீம்களைத் தொடவே தொடாதீர்கள். சாயம் இருப்பது தோலின் உள்ளடுக்கில், மேலே பூசுவது அங்கே போய் அதை எடுக்காது. சிலவற்றில் பாதரசமும் வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். மரத்துப்போன இடத்தில் அது எரிந்து புண்ணானாலும் உங்களுக்குத் தெரியாது. முகத்தை மறைக்க விரும்பினால் சாதாரண மேக்கப் போதும், அதில் தவறே இல்லை.

கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொள்ளலாம். “ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன், அதன் சாயம் தோலில் இறங்குகிறது, நிறுத்தியதும் போய்விடும்” என்று சொன்னால் அது முழு உண்மை. எந்த நோய்க்கு என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் இதே குளோஃபாசிமினைக் கொடுக்கிறார்கள், அவர்களுக்கும் தோல் இதே மாதிரிதான் மாறுகிறது.